எம்ஜிபி, ஸ்பிட்ஃபயர், டிஆர்6, இ-டைப்: வாங்குற காசு வேற, வச்சிருக்குற காசு வேற

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கணும்னு ஆசை வந்தா எல்லாரும் மொதல்ல பண்றது விளம்பரத்த தொறந்து விலைய பாக்குறதுதான். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஆறாயிரம் பவுண்டு, எம்ஜி கம்பெனியோட எம்ஜிபி எட்டாயிரம், டிரையம்ஃப் டிஆர்6 இருபதாயிரம், ஜாகுவார் இ-டைப் பக்கம் போனா அம்பதாயிரத்துக்கு குறைஞ்சு பேச்சே இல்ல, சரி நம்ம பட்ஜெட்டுக்கு இதுதான்னு அங்கயே முடிவு பண்ணிடுறாங்க. என்னைக் கேட்டா அந்த விலை பாதி பொய். இந்த வண்டிங்கள்ல உங்க காசு எவ்ளோ போகும்னு தீர்மானிக்கிறது ரெண்டு விஷயம்தான், பாடி எவ்ளோ துருப்புடிச்சிருக்கு, அப்புறம் ஒரு சாதாரண ரிப்பேருக்கு வண்டிய எவ்ளோ தூரம் பிரிக்கணும். இஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக் இதெல்லாம் பயப்படுற அளவுக்கு ஒண்ணும் இல்ல, ஸ்பேர் கிடைக்குது, விலையும் தாங்கும். அதனால இந்த ரெண்டு கேள்விய வச்சே நாலு வண்டியையும் பாக்கலாம். விலையெல்லாம் இங்கிலாந்துல இப்ப சுமாரா நடக்குற விலை, வண்டி கண்டிஷன பொறுத்து மேல கீழ ஆகும்.

எம்ஜிபில இருந்து ஆரம்பிக்கலாம். 1962ல இருந்து 1980 வரைக்கும் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல ஆபிங்டன்ல பண்ணுன வண்டி, தொறந்த ரோட்ஸ்டரும் கூரை வச்ச ஜிடியும் சேத்தா அஞ்சு லட்சத்துக்கு மேல வெளிய வந்திருக்கு. இவ்ளோ வண்டி இருந்ததாலதான் இன்னைக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க பொழைக்குது, ஒரு ரப்பர் வாஷர்ல இருந்து முழு இஞ்சின் வரைக்கும் எதையும் போன் பண்ணி மறுநாள் வாங்கிடலாம், நேத்து ஷோரூம்ல எடுத்த புது காருக்கே சில நேரம் அப்படி கிடைக்காது. 1798 சிசி இரும்பு இஞ்சின், எஸ்யுன்னு ஒரு பிராண்டு கார்ப்ரேட்டர் ரெண்டு, தொண்ணூத்தஞ்சு பிஎச்பி சொச்சம், இதுல உடையறதுக்கு ரகசியமா ஒண்ணுமே இல்ல. எஸ்யு கார்ப்ரேட்டர் பார்ட்ஸ் கூட சாலிஸ்பரில பர்லன்னு ஒரு கம்பெனி இன்னும் புதுசா பண்ணி வித்துட்டு இருக்கு.

ஆனா பாடிதான் வில்லங்கம். எம்ஜிபிக்கு தனி சேஸ், அதாவது அடிச்சட்டம் கிடையாது, பாடியே சேஸ், கதவுக்கு கீழ முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் பெட்டி மாதிரி ஓடுற தகட்டுப் பகுதி, இங்கிலீஷ்ல சில்லுன்னு (sill) சொல்வாங்க, அதுதான் ரோட்ஸ்டர்ல மொத்த பாரத்தையும் தாங்குது. மேல கூரை இல்லாததால சில்லு போச்சுன்னா வண்டி நடுவுல தொய்ஞ்சிடும். பாக்கப் போறப்போ பெயிண்ட் பளபளப்ப பாத்து மயங்காம நேரா கதவுகிட்ட போங்க, மூடி வச்சு கதவோட பின் விளிம்புக்கும் பின்பக்க ஃபெண்டருக்கும் நடுவுல இருக்குற இடைவெளிய பாருங்க. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அகலமா இருக்கணும். மேல நெருங்கி கீழ விரிஞ்சிருந்தா சில்லு செத்திருக்கு. அப்புறம் முன்சக்கரத்துக்கு பின்னாடி, ஃபெண்டரோட அடிப்பக்கம் முட்டி போட்டு டார்ச் அடிச்சு பாருங்க, சக்கரம் வாரி அடிக்கிற சேறு எல்லாம் அந்த மூலைலதான் போய் அடையும், ஈரம் காயவே காயாது. சில்லு அந்த ஃபெண்டருக்கு உள்ள வரைக்கும் போகுது, ஒழுங்கா வேலை செய்யணும்னா ஃபெண்டர் அடிய வெட்டி எடுத்துதான் செய்யணும். நிறைய பேரு அத செய்யாம கண்ணுக்கு தெரியுற பகுதிக்கு மட்டும் புதுத் தகடு வச்சு வெல்ட் அடிச்சு பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சு வித்துடுறாங்க. சட்டைப் பையில ஒரு சின்ன காந்தம் இருக்கட்டும், பட்டி இருக்குற இடத்துல அது ஒட்டாது.

ரெண்டு பக்க சில்லையும் முறையா மாத்தி பெயிண்ட் வரைக்கும் போனா நாலாயிரம் அஞ்சாயிரம் பவுண்டு சாதாரணமா போயிடும், முழு வண்டிக்கும் நல்ல பெயிண்ட் வேலைனா அது தனியா இன்னொரு அஞ்சாயிரத்துக்கு மேல. இப்ப கணக்கு போடுங்க. அஞ்சாயிரத்துக்கு ஒரு துரு வண்டிய எடுத்து பத்தாயிரம் செலவு பண்ணா பதினஞ்சாயிரம் ஆச்சு, முடிச்ச வண்டிய விக்கப் போனா பன்னெண்டுக்கு மேல கேக்க ஆள் இருக்காது. அதே நேரம் வேற யாரோ ஒருத்தர் இந்த நஷ்டத்த ஏற்கனவே பட்டு, பில்லு, போட்டோ எல்லாம் ஃபைல் போட்டு வச்சு பன்னெண்டாயிரத்துக்கு விப்பாரு. அவர்கிட்ட போய் வாங்குங்க. இந்த கட்டுரைல இருக்குற எந்த வண்டிக்கும் இதே கணக்குதான், இ-டைப்னா பின்னாடி ஒரு சைபர் சேத்துக்கணும், அவ்ளோதான்.

எம்ஜிபிக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கு. 1988ல இருந்து பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ்னு விட்னில இருக்குற கம்பெனி பழைய ஃபேக்டரி அச்சுங்கள வச்சே புது பாடிய அடிச்சு குடுக்குது. வெறும் பாடியே பத்தாயிரம் பவுண்டுக்கு மேல, அதுக்கு பெயிண்ட் அடிச்சு பழைய வண்டில இருந்து எல்லாத்தையும் கழட்டி இதுல மாட்டணும், அதனால இத நீங்களே செய்யலாம்னு கிளம்பாதீங்க. ஆனா ஹெரிடேஜ் பாடி போட்ட வண்டி ஒண்ணு பதினாறு பதினேழுக்கு விலைக்கு வந்தா அது கொள்ளை லாபம், விலைய பாத்து ஒதுங்கிடாதீங்க.

ஜிடியா ரோட்ஸ்டரான்னு கேட்டா காசு கம்மியா இருக்கறவங்களுக்கு கண்ண மூடிட்டு ஜிடி. ஒரே இஞ்சின், ஒரே ஸ்பேர், கூரை இருக்கறதால பாடி கெட்டி, பின்னாடி சாமான் வைக்க இடம், இங்க பெய்யுற மழைக்கு அதுதான் லாயக்கு, அப்படி இருந்தும் ரோட்ஸ்டர விட ரெண்டாயிரம் மூவாயிரம் கம்மியா கிடைக்குது, ஏன்னா எல்லாருக்கும் கூரையத் தொறந்து போற கனவு. 1974 கடைசில அமெரிக்க சட்டத்துக்காக கருப்பு ரப்பர் பம்பர் வச்சு வண்டி உயரத்தையும் தூக்கிட்டாங்க, பழைய குரோம் பம்பர் அழகுக்கு முன்னாடி இது நிக்காது, வளைவுல கொஞ்சம் சாயவும் செய்யும், அதனால விலை இன்னும் கம்மி. ஓட்டத்தான் வாங்குறீங்க, கண்காட்சிக்கு இல்லன்னா நல்ல ரப்பர் பம்பர் ஜிடி ஒண்ணு ஆறாயிரத்துக்குள்ள கூட பாக்கலாம். ஓவர்டிரைவ், அதாவது வேகமா போறப்போ இஞ்சின் சுத்த குறைக்குற கூடுதல் கியர், இருக்கான்னு மட்டும் கேட்டுடுங்க, மோட்டார்வேல எழுபது மைல்ல அது இல்லாம இஞ்சின் நாலாயிரம் ஆர்பிஎம் கிட்ட கத்தும், இருந்தா மூவாயிரத்து சொச்சத்துல அடங்கி ஓடும்.

இப்ப ரெண்டாவது கேள்வி. எவ்ளோ பிரிக்கணும்? இதுக்கு எல்லா வண்டிக்கும் பொதுவா ஒரு வேலைய எடுத்துக்கலாம், கிளட்ச் மாத்துறது. எம்ஜிபி கிளட்ச் செட் நூறு நூத்தம்பது பவுண்டுதான், ஆனா அத மாட்ட இஞ்சின வெளிய தூக்கணும், ரேடியேட்டர், கார்ப்ரேட்டர், எக்ஸாஸ்ட், எல்லாத்தையும் கழட்டி செயின் பிளாக் மாட்டி தூக்கணும். இங்க கராஜ்ல மணிக்கு அறுபது பவுண்டுல இருந்து நூறு பவுண்டு வரைக்கும் கூலி. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க. இதுல இன்னொரு விஷயம், எம்ஜிபில கிளட்ச் ரிலீஸ் பேரிங் கார்பன்ல பண்ணது, சிக்னல்ல கியர் போட்டுட்டு கிளட்ச் மேலயே கால வச்சு நிக்கிற பழக்கம் இருந்தா அது சீக்கிரம் தேஞ்சிடும். நியூட்ரல்ல போட்டு கால எடுத்துடுங்க, அந்த ஒரு பழக்கமே பல நூறு பவுண்டு மிச்சம்.

ஸ்பிட்ஃபயர்ல இதே வேலைக்கு இஞ்சின தொடவே வேண்டாம். சீட்ட கழட்டுறோம், நடுவுல இருக்குற டனல் கவர எடுக்கறோம், கியர் பாக்ஸ அவுத்து வண்டிக்கு உள்ளயே இழுத்து கதவு வழியா எடுத்துடறோம். ரெண்டு பேரு சேந்தா வீட்டு வாசல்லயே ஒரு சனிக்கிழமைக்குள்ள முடியும். டிஆர்6லயும் இப்படித்தான், கியர் பாக்ஸ்தான் கொஞ்சம் கனம். இ-டைப்புக்கு வந்தா அந்த நீள பானட்ட கழட்டி ஓரமா பத்திரமா வச்சுட்டு, அதுல ஒரு கீறல் விழுந்தா அதுக்கு தனி பில்லு, இஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஒண்ணா சேத்து தூக்கணும், கிளட்ச் பில்லே ஆயிரக்கணக்குல வரும்.

ஸ்பிட்ஃபயர் நம்ம ஊருக்கு சொந்தக்கார வண்டி, அது நிறைய பேருக்கு தெரியாது. 1962ல கவன்ட்ரி கேன்லில பண்ண ஆரம்பிச்சப்போ டிரையம்ஃப் ஹெரால்டோட சேஸ சின்னதா வெட்டி அது மேலதான் இத்தாலி டிசைனர் மிக்கெலாட்டி டிசைன் பண்ண பாடிய உக்கார வச்சாங்க. அந்த ஹெரால்டதான் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனி ஸ்டாண்டர்ட் ஹெரால்டுன்னு பண்ணி வித்துச்சு. மெட்ராஸ்ல அந்த வண்டிய பாத்தவங்களுக்கு பானட்டும் ஃபெண்டரும் சேந்து மொத்தமா முன்னாடி கவுந்து தொறக்குறது ஞாபகம் இருக்கும், ஸ்பிட்ஃபயரும் அதே மாதிரிதான், முன்சக்கரத்து மேலயே உக்காந்துட்டு இஞ்சின் வேலை பாக்கலாம். வேலை கத்துக்கணும்னு ஆசை இருக்கறவங்களுக்கு இத விட நல்ல வண்டி எனக்கு தெரியல. ஆனா அந்த பெரிய பானட் அரிச்சிருந்தா ஒரு ஃபெண்டர் மாத்துற செலவோட முடியாது, அதனால விளிம்பு எல்லாத்தையும் தடவி பாத்துடுங்க.

ஸ்பிட்ஃபயர்ல ரெண்டு விஷயத்துக்கு உஷாரா இருக்கணும். ஒண்ணு முன் சஸ்பென்ஷன் அடியில இருக்குற டிரன்னியன், ஸ்டியரிங் திரும்பும்போது திருகு மரை மாதிரி சுத்துற பித்தளை நிறத் துண்டு. இதுக்கு கிரீஸ் போடக்கூடாது, கெட்டியான கியர் ஆயில், ஈபி90, அததான் கிரீஸ் கன்ல ஊத்தி ஏத்தணும். கிரீஸ் அடிச்சா உள்ள கட்டிக்கும், ஈரம் தங்கும், துரு அரிக்கும், ஒரு நாள் வண்டிய பார்க் பண்ண ஸ்டியரிங்க ஒடிக்கும்போது சக்கரம் மடங்கி படுத்துடும். விக்கிறவர்கிட்ட டிரன்னியனுக்கு என்ன போடுறீங்கன்னு சும்மா பேச்சுவாக்குல கேளுங்க, கிரீஸ்னு சொன்னா அந்த வண்டி எப்படி பராமரிக்கப்பட்டிருக்குன்னு மிச்சத்த நீங்களே புரிஞ்சுக்கலாம். ரெண்டாவது, கிராங்க் த்ரஸ்ட் வாஷர், இஞ்சின் உள்ள சுத்துற கிராங்க் ஷாஃப்ட முன்ன பின்ன நகராம பிடிக்கிற துண்டு. ஒருத்தர உள்ள உக்கார வச்சு கிளட்ச அமுக்க சொல்லிட்டு நீங்க முன்னாடி கிராங்க் புல்லிய பாருங்க, கண்ணுக்கு தெரியுற மாதிரி முன்ன பின்ன நகந்துச்சுன்னா வாஷர் தேஞ்சு போச்சு, விழுந்துடுச்சுன்னா கிராங்க், பிளாக் ரெண்டும் காலி. 1974 கடைசில வந்த 1500 மாடலுக்கு இது இன்னும் முக்கியம், அந்த 1493 சிசி இஞ்சின் ஓவர்டிரைவ் இல்லாம மோட்டார்வேல விரட்டுனா இஞ்சின் அடியில இருக்குற கிராங்க் பேரிங் சீக்கிரம் தட்ட ஆரம்பிக்கும். முதல் மூணு மாடல்ல வளைவுல வேகமா திரும்பும்போது பின்சக்கரம் உள்ள மடங்குற குணம் உண்டு, 1970ல வந்த நாலாவது மாடல், மார்க் ஃபோர்ல அத சரி பண்ணிட்டாங்க, அதனால நான் பாத்தா மார்க் ஃபோர் ஓவர்டிரைவோட, ஏழாயிரம் எட்டாயிரத்துக்கு.

டிஆர்6 ஒரு படி மேல. 2498 சிசி, வரிசையா ஆறு சிலிண்டர், அந்த எக்ஸாஸ்ட் சத்தத்துக்கே பாதி பேரு வாங்குறாங்க, தப்பே இல்ல. இங்க வித்த வண்டிக்கு லூகாஸ் பெட்ரோல் இஞ்செக்ஷன், ஆரம்பத்துல கம்பெனி சொன்ன கணக்கு 150 பிஎச்பி. அமெரிக்காவுக்கு போனது கார்ப்ரேட்டர் வச்சது, பவர் ரொம்ப கம்மி. பண்ணதுல பெரும்பகுதி அங்கதான் போச்சு, அதனால இப்ப விளம்பரத்துல பாக்குற டிஆர்6ல நிறைய அங்க இருந்து திரும்பி வந்த இடது ஸ்டியரிங் வண்டி, இல்லனா வலதுக்கு மாத்துனது. காஞ்ச மாநிலத்துல இருந்து வந்திருந்தா பாடி நல்லா இருக்கும், அது பெரிய லாபம், உள்ள சீட்டும் டேஷ்போர்டும் வெயில்ல வெடிச்சிருக்கும், அது சின்ன நஷ்டம். இஞ்செக்ஷன் வண்டிய பாத்து நிறைய பேரு பயப்படுவாங்க, பழைய லூகாஸ் பம்பு டிக்கில உக்காந்துட்டு வெயில் நாள்ல சூடாகி பெட்ரோல ஆவியாக்கிடும், ஃப்ரோசன் பட்டாணி பாக்கெட்ட அது மேல வச்சுட்டு ஓட்டுன கதை டிஆர் வச்சிருக்கற எல்லார்கிட்டயும் இருக்கும். இப்ப அந்த இடத்துல பாஷ் பம்பு மாட்டிடறாங்க, பெட்ரோல அளந்து விடுற மீட்டரிங் யூனிட்ட ஓவர்ஹால் பண்ணித் தர ஆளுங்க இருக்காங்க, அத செஞ்ச வண்டினா பயம் வேண்டாம். தனி சேஸ் இருக்கு, ஆனா அதுவும் துருப்பிடிக்கும், பின்பக்கம் டிஃபரன்ஷியல், அதாவது ரெண்டு பின்சக்கரத்துக்கும் பவர பிரிச்சு குடுக்குற பெட்டி, மாட்டியிருக்குற இடத்துல சேஸ் விரிசல் விடும், கியர் போட்டு கிளட்ச விடும்போது பின்னாடி டொக்குன்னு சத்தம் வந்தா அதுதான். வண்டிய லிஃப்ட்ல ஏத்தி பாக்க விடமாட்டேன்னு சொல்றவர்கிட்ட இருபதாயிரம் பவுண்டு குடுக்காதீங்க.

இ-டைப் பத்தி சுருக்கமா முடிச்சுக்கலாம், ஏன்னா அத வாங்க முடிஞ்சவங்களுக்கு இந்த கட்டுரை தேவை இல்ல. 1961ல ஜெனீவால காட்டுனப்போ ரெண்டாயிரம் பவுண்டு சொச்சம், அந்த வேகத்துக்கும் அழகுக்கும் அது அநியாய மலிவு. இன்னைக்கு முதல் மாடலான சீரீஸ் ஒன்ல நல்ல ரோட்ஸ்டர் லட்சம் பவுண்ட தாண்டும், நாலு பேரு உக்காருற டூ பிளஸ் டூ மட்டும் அதுல பாதிக்கு கிடைக்கலாம். வலை இங்கதான் விரிச்சிருக்கு. மலிவான இ-டைப்புக்கும் விலை கூடின இ-டைப்புக்கும் ரிப்பேர் செலவு ஒண்ணுதான். பின்பக்க டிஸ்க் பிரேக் சக்கரத்துகிட்ட இல்லாம டிஃபரன்ஷியல் பக்கத்துல உள்ள இருக்கு, அங்க டிஸ்க் மாத்தணும்னா பின் சஸ்பென்ஷன் மொத்தத்தையும் கீழ எறக்குறாங்க. முழு ரெஸ்டொரேஷன்னா லட்சத்த சாதாரணமா தாண்டுது. 1971ல வந்த வி12 சுகமா ஓடும், பெட்ரோல் குடிக்கிறதுதான் கொடுமை. அந்த விலைல ஒரு டூ பிளஸ் டூ வாங்கி வருஷா வருஷம் பில்ல பாத்து பயந்து ஷெட்லயே வச்சிருக்கறத விட அருமையான டிஆர்6 ஒண்ணு வாங்கி மீதி காச பேங்க்ல போட்டு அந்த வட்டில பெட்ரோல் போட்டுக்கலாம்.

ஆஸ்டின் ஹீலி 3000, லோட்டஸ் எலான் ரெண்டும் கேப்பீங்க. ஹீலில அலுமினிய பேனலும் இரும்பு ஃபெண்டரும் ஒட்டுற இடத்துல ஒண்ண ஒண்ணு அரிச்சுக்கும், நாப்பதாயிரம் அம்பதாயிரத்துக்கு அது ஒரு தலைவலி. எலான் ஃபைபர் பாடி, துரு கிடையாதுன்னு சந்தோஷப்படும்போதே உள்ள இருக்குற இரும்பு சேஸ் அரிக்கும், வாட்டர் பம்பு இஞ்சின் முன் கவருக்குள்ளயே புதைஞ்சு கிடக்கு, ஒரு பேரிங் போனா இஞ்சின பாதி பிரிக்கணும். ஓட்டுறதுக்கு இதுல எதுவும் எலான் கிட்ட வராது, அத ஒத்துக்கணும். முதல் வண்டியா வேண்டாம்.

வருஷ செலவு நினைக்கிற அளவுக்கு இல்ல. நாப்பது வருஷம் தாண்டுன வண்டிக்கு ரோடு டாக்ஸ் பூஜ்யம், ஆனாலும் வருஷா வருஷம் அப்ளை பண்ணணும். எம்ஓடி, அதாவது வண்டி ஓட்ட லாயக்கான்னு வருஷா வருஷம் பண்ற சோதனை, அதுவும் கட்டாயம் இல்ல, பெருசா மாத்தம் பண்ணாத வண்டினா. புகை அதிகம் விடுற வண்டிக்கு லண்டன்ல போடுற யூலெஸ் கட்டணமும் கிடையாது. ஆனா எம்ஓடிய விடாதீங்க, அம்பத்தஞ்சு பவுண்டுக்கு உள்ள ஒருத்தர் வண்டிய தூக்கி அடிய பாத்து சொல்றாருன்னா அத விட மலிவான இன்ஷூரன்ஸ் இல்ல. நிஜ இன்ஷூரன்ஸ் கிளாசிக் பாலிசில நடு வயசுக்காரங்களுக்கு நூத்தம்பது இருநூறு பவுண்டுல முடியும், வண்டி மதிப்ப முன்னாடியே பேசி எழுதி வாங்கிடுங்க, இல்லனா இடிச்ச அன்னைக்கு ஆறாயிரம் வண்டிக்கு ரெண்டாயிரம்தான்னு சொல்லுவாங்க. பெட்ரோல் வருஷத்துக்கு ரெண்டாயிரம் மைல் ஓட்டுனா எம்ஜிபிக்கு முந்நூத்தறுபது லிட்டர் கிட்ட, சூப்பர் அன்லெடட்டா போட்டா அறுநூறு பவுண்டுக்குள்ள. சூப்பர் ஏன்னா 2021 செப்டம்பர்ல இருந்து சாதா பெட்ரோல் இ10, பத்து சதவீதம் வரைக்கும் எத்தனால், பழைய ரப்பர் ஹோஸ அது சாப்பிட்டுடும், ஹோஸ் ஒழுகுனா சூடான எக்ஸாஸ்ட் பக்கத்துல என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. வாங்குன முதல் வாரமே பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் புதுசா மாத்திடுங்க, முப்பது பவுண்டு கூட ஆகாது.

யாரும் கணக்குல சேக்காத செலவு ஒண்ணு இருக்கு, நிறுத்துற இடம். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் பனி உறையாம இருக்க ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, அந்த உப்புல ஒரு குளிர்காலம் ஓட்டுனாலே சில்லு வேலை பாதி வீணாப் போச்சு. வீட்ல கராஜ் இல்லாம மாசம் நூறு பவுண்டு வாடகைக்கு எடுத்தா வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு, டாக்ஸ், இன்ஷூரன்ஸ், பெட்ரோல் மூணையும் சேத்தாலும் இதுக்கு கீழதான் வரும். கராஜ் இல்லாதவங்க ரோட்ஸ்டர் வாங்குறத நான் ஒத்துக்க மாட்டேன், துணிக் கூரை வழியா தண்ணி உள்ள எறங்கி கார்பெட் அடியில தேங்கி ஃப்ளோர கீழ இருந்து இல்ல, மேல இருந்தே அரிக்கும்.

அப்புறம் புதுசா வர்ற ஸ்பேர்ல சில கண்ட்ராவிங்களும் இருக்கு, ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட் அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர்ல ரோட்டர் ஆர்ம், கண்டென்சர் ரெண்டும் பாக்கெட்ட பிரிச்சு மாட்டுன வாரமே செத்து நடு ரோட்டுல நிறுத்தும், நல்ல தரமா பண்றவங்கள விசாரிச்சு வாங்கி ஒண்ணு எப்பவும் க்ளவ் பாக்ஸ்ல வச்சிருக்கணும். ஸ்பேனர் செட்டு மில்லிமீட்டர் வேலைக்கு ஆகாது, இன்ச் கணக்குல வர்ற ஏஎஃப் செட்டு தனியா வேணும்.

ஆக யாருக்கு எது? கையில ஸ்பேனர் பிடிக்க தெரியாது, பத்தாயிரத்துக்குள்ள நிம்மதியா ஓட்டணும்னா எம்ஜிபி ஜிடி, யோசிக்கவே வேண்டாம். வேலை கத்துக்கணும், வீட்ல இடம் இருக்கு, காசு கம்மினா மார்க் ஃபோர் ஸ்பிட்ஃபயர். இருபத்தஞ்சாயிரம் இருந்தா, அந்த ஆறு சிலிண்டர் சத்தம் வேணும்னா இஞ்செக்ஷன் வேலை முடிஞ்ச டிஆர்6. இ-டைப் வேணும்னு அடம் பிடிக்கறவங்க வாங்குற விலையில பாதிய ரிப்பேருக்குன்னு தனியா ஒதுக்கி வச்சுட்டு போகட்டும்.

எதுவா இருந்தாலும் வெயில் காலத்துல வாங்காதீங்க, ஏப்ரல்ல மொத வெயில் அடிச்ச உடனே எல்லாருக்கும் கூரை தொறந்த வண்டி வேணும், விலை ஏறும். நவம்பர், டிசம்பர்ல ஈரத்துல போய் பாருங்க. போறதுக்கு முன்னாடி இஞ்சின ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னு சொல்லிடுங்க, இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது சோக் இழுத்து நீங்களே ஸ்டார்ட் பண்ணணும், இருபது நிமிஷம் ஓட்டி நல்லா சூடேறுன பிறகு ஆயில் பிரஷர் மீட்டர பாருங்க, எம்ஜிபில ஓடும்போது அம்பது பிஎஸ்ஐக்கு மேல நிக்கணும், ஐடில்ல பதினஞ்சுக்கு கீழ போனா ஆயிரம் பவுண்டு கம்மியா கேளுங்க.